மனு வாங்கிய மேஜையிலிருந்து திவான் பதவி வரை
சர் கே. சேஷாத்திரி அய்யர் வாழ்க்கை

மைசூர் சமஸ்தானத்தில் 18 ஆண்டுக் காலம் திவானாக இருந்தவர் சர் கே. சேஷாத்திரி அய்யர். பெங்களூர் கப்பன் பூங்காவில் அவருடைய சிலை இருக்கிறது. அதன் அருகே உள்ள சிவப்பு நிற நூல் நிலையம் அவர் நினைவாகக் கட்டிய மண்டபம்தான். பெங்களூரில் சேஷாத்திரிபுரமும், மைசூரில் சேஷாத்திரி அய்யர் சாலையும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கின்றன.

சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்க வழி செய்தவர் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் மைசூருக்கு வந்த புதிதில் அவர் பார்த்த வேலை எது என்பதை அறிந்தவர்கள் குறைவு. சிவில் வழக்குகளையும் அப்பீல்களையும் வாங்கிப் பரிசீலித்து, வகை பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, கட்டில் சேர்க்கும் கச்சேரியின் சிரஸ்தார் வேலை அது.

பாலக்காட்டுப் பையன்

சேஷாத்திரி அய்யர் 1845-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி பிறந்தார். பாலக்காட்டுப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பம். பாலக்காடு அப்போது சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. தந்தை அனந்தநாராயண அய்யர் கோழிக்கோட்டில் வக்கீல். ஆகவே பிராது, தாவா, டிகிரி என்ற வார்த்தைகள் சிறு வயதிலேயே அவர் காதில் விழுந்தவைதான்.

கோழிக்கோட்டில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம். உத்தியோகத்தில் இருந்து கொண்டே பின்னாளில் சட்டப் பட்டமும் பெற்றார்.

கோழிக்கோட்டில் அரசாங்கப் பணியில் இருந்த சி. ரங்காச்சார்லு, சேஷாத்திரி அய்யரின் திறமையை அறிந்தவர். ரங்காச்சார்லுவும் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த தமிழர். 1868-ல் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அதை ஒட்டி அரண்மனைக் காரியங்களைச் சீர்ப்படுத்த ரங்காச்சார்லு மைசூருக்கு வரவழைக்கப்பட்டார். அதே ஆண்டில் சேஷாத்திரி அய்யரும் மைசூர் வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது அஷ்டகிராமப் பிரிவின் நீதித்துறைச் சிரஸ்தார் பதவி. அப்போது வயது 23.

சிரஸ்தார் மேஜை

அன்று மைசூரை ஆண்டது மகாராஜா அல்ல. 1831 முதல் 1881 வரை பிரிட்டிஷ் கமிஷனர்களே நிர்வாகம் செய்தார்கள். சமஸ்தானத்தை மூன்று பிரிவுகளாக வகுத்திருந்தார்கள். மைசூர், ஹாசன் ஜில்லாக்கள் அடங்கியது அஷ்டகிராமப் பிரிவு. அதன் தலைமைக் கச்சேரி மைசூர் நகரில் இருந்தது. பிரிவின் சூப்பரின்டெண்டே வரி நிர்வாகத்தையும் பார்ப்பார், நீதியும் வழங்குவார். அவருக்கு வலது கை போன்றவர் சிரஸ்தார்.

ஒருவன் வழக்குப் போட வேண்டும் என்றால் அந்தக் காலத்திலும் நேரே நீதிபதி முன் போய் நின்று முறையிட முடியாது. முதலில் மனு கச்சேரிக்கு வர வேண்டும். வாதி யார், பிரதிவாதி யார், எந்த ஊர், என்ன கேட்கிறான், எந்தத் தேதியில் அந்த உரிமை எழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்கும் தொகைக்கோ சொத்துக்கோ தக்கபடி முத்திரைக் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று கணக்குப் போடுவார்கள். வழக்கு இந்தக் கோர்ட்டு எல்லைக்குள் வருகிறதா, காலம் கடந்து விட்டதா என்று சரிபார்ப்பார்கள்.

இவ்வளவும் சரி என்றால் அடுத்தது வகை பிரித்தல். வந்திருப்பது அசல் வழக்கா, கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் அப்பீலா, கையில் உள்ள டிகிரியை நிறைவேற்றித் தரும்படி கேட்கும் மனுவா என்று பார்த்து, அதற்குரிய பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, வந்த வரிசைப்படி நம்பர் விழும். நம்பர் விழுந்த பிறகுதான் சம்மன் போகும்.

இந்த முறையை பிரிட்டிஷ் இந்தியாவில் ஒழுங்குபடுத்தியது 1859-ம் வருட சிவில் நடைமுறைச் சட்டம். அந்தச் சட்டமுறைகள் கமிஷனர்கள் ஆட்சியில் மைசூருக்கும் வந்தன. புதிய சட்டம், பழைய பழக்கம், ஆங்கிலம் அறிந்த மேலதிகாரி, கன்னடம் பேசும் குடியானவன் ஆகிய இத்தனைக்கும் நடுவில் இருந்தது சிரஸ்தார் மேஜை.

பார்வைக்கு இது வெறும் குமாஸ்தா வேலை. ஆனால் ஏழையின் வழக்கு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இங்கேதான். தவறான கோர்ட்டுக்குப் போன மனு திரும்பி வரும். கட்டணம் குறைந்தால் மீதியைக் கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி ஆகும். கெடு தாண்டிப் போனாலோ, நியாயம் முழுவதும் வாதியின் பக்கம் இருந்தாலும் கோர்ட்டு கை கொடுக்க முடியாது. அந்த மேஜையில் இருப்பவர் சோம்பேறியாக இருந்தாலும், கை நீட்டுகிறவராக இருந்தாலும், அதற்குப் பலியாகிறவன் பிராது கொண்டு வந்தவன்தான்.

இந்த வேலையில் தேறியவர் என்பதால் சேஷாத்திரி அய்யருக்கு உயர்வு தொடர்ந்து வந்தது. சமஸ்தானத்தின் மேல் நீதிமன்றமாக இருந்த ஜுடீஷியல் கமிஷனர் கோர்ட்டில் தலைமைச் சிரஸ்தார் ஆனார். 1879-ல் தும்கூர் ஜில்லாவின் டெபுடி கமிஷனர் ஆனார். பின்னர் அஷ்டகிராமத்துக்கே ஜில்லா நீதிபதியாகத் திரும்பினார். எந்தப் பிரிவில் மனுக்களைச் சரிபார்த்தாரோ, அதே பிரிவில் தீர்ப்பு எழுதும் இடத்துக்கு வந்து விட்டார்.

திவான் ஆனார்

1881 மார்ச் 25-ந் தேதி சமஸ்தானம் மீண்டும் மகாராஜா சாமராஜேந்திர உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரங்காச்சார்லு திவான் ஆனார். புதிய அரசுக்குச் சட்டங்கள் எழுத ஆள் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு சேஷாத்திரி அய்யருக்கு வந்தது. 1883 ஜனவரியில் ரங்காச்சார்லு காலமானார். அடுத்த மாதமே சேஷாத்திரி அய்யர் திவான் ஆனார். வயது 38 கூட நிறையவில்லை.

அவர் பொறுப்பேற்றபோது நாடு நலிந்து கிடந்தது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் மைசூரையும் விடவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டனர். பிரிட்டிஷ் சர்க்காருக்குச் சமஸ்தானம் 80 லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தது.

அவர் முதலில் கை வைத்த காரியங்களில் ஒன்று கோர்ட்டு. 1884-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட சீப் கோர்ட்டு ஏற்பட்டது. 1930-ல் மைசூர் ஹைக்கோர்ட்டு என்று பெயர் பெற்றது இதுதான். ஒரே அதிகாரி தீர்ப்புச் சொல்லும் நிலை மாறி, நாட்டின் கடைசி அப்பீலை மூவர் அமர்ந்து கேட்கும் நிலை வந்தது. 1894-ல் எட்டு வயது நிறையாத பெண் குழந்தைக்கு விவாகம் செய்வதைத் தடுக்கும் சட்டமும் அவர் காலத்தில்தான் வந்தது.

ரயில் பாதைகள் நீண்டன. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. மாரிக்கணிவே அணையின் வேலை 1898-ல் தொடங்கியது. 1893-ல் சர் பட்டம் கிடைத்தது. 1894 டிசம்பரில் மகாராஜா கல்கத்தாவில் திடீரென்று காலமானார். இளவரசர் சிறுவர். மகாராணி வாணி விலாஸ சந்நிதானம் ஆட்சிப் பொறுப்பை ஏற்க, ராஜ்ய பாரம் பெருமளவு திவானின் தோளில் விழுந்தது. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியதும் இந்தக் காலத்தில்தான்.

குறை சொன்னவர்கள்

அவர் மீது குறை இல்லாமல் இல்லை. சென்னை ராஜதானியிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்து பெரிய பதவிகளில் வைக்கிறார் என்பது மைசூர் மக்களின் மனத்தாங்கல். எல்லா அதிகாரத்தையும் தம் கையில் வைத்திருக்கிறார் என்றும் பேசினார்கள். பிறந்த மண்ணில் படித்த பிள்ளைகள் காத்திருக்க, வெளியூரார் நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் வருத்தம் வரும். அதைப் பொறாமை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1891-ல் மைசூர் சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வு முறை ஏற்பட்டபோது, சிபாரிசுக்குப் பதில் தகுதி என்ற வழி ஓரளவு திறந்தது. ஆனாலும் மனக்கசப்பு அவர் காலத்தோடு தீரவில்லை.

இன்னொரு விஷயம் காவிரி. 1892 பிப்ரவரி 18-ந் தேதி சென்னை, மைசூர் அரசுகளுக்கு இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிய அணை கட்டுவதானால் சென்னையின் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது மைசூரின் திவான் இந்தத் தமிழர்தான். அவர் பிறந்த பாலக்காடும் சென்னை ராஜதானியில்தான் இருந்தது. அந்த உடன்படிக்கை தங்களைக் கட்டிப் போட்டது என்று மைசூர்க்காரர்கள் பல தலைமுறை குறைபட்டார்கள். 1990-ல் அமைந்த நடுவர் மன்றத்திலும், 2018 பிப்ரவரி 16-ந் தேதி தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டிலும் அந்தப் பழைய காகிதம் பிரித்துப் படிக்கப்பட்டது. காகிதத்தை எழுதியவர்கள் போய் விட்டாலும் கட்டில் சேர்த்த காகிதம் பேசும்.

தங்கவயலுக்கு வெளிச்சம்

கோலார் தங்கவயல் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே இயந்திரங்களை ஓட்ட, காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு அவர் ஆதரவு தந்து நிறைவேற்ற வழி செய்தார். ஏறத்தாழ 147 கிலோ மீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு செல்வது அன்று உலகமே வியந்த காரியம். 1902 ஜூனில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. உடல் நலிந்து 1901 மார்ச்சில் பதவியை விட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, 56-வது வயதில் காலமானார். அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன.

அந்த மேஜை இன்றும் உண்டு

சேஷாத்திரி அய்யர் உட்கார்ந்த மேஜை வேறு வடிவில் இன்றும் ஒவ்வொரு கோர்ட்டிலும் இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 1908-ம் வருட சிவில் நடைமுறைச் சட்டம். இன்றும் வாதியின் மனுவைப் பரிசீலித்து, சிவில் வழக்குப் பதிவேட்டில் ஏற்றி, ஆண்டு வாரியாக நம்பர் போடுகிறார்கள். ஓ.எஸ். என்று தொடங்கினால் அசல் வழக்கு. அதோடு கம்ப்யூட்டரில் 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண்ணும் விழுகிறது.

வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இடம். சொந்த ஊரில் உள்ள நிலத்துக்கோ வீட்டுக்கோ வழக்கு என்றால், சொத்து இருக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் போட வேண்டும். மைசூரில் குடியிருப்பதால் மைசூரில் போட முடியாது. கொடுத்த கடனுக்கு என்றால், கடனாளி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோ போடலாம்.

இரண்டாவது, காலம். கைக்கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. பறிபோன நிலம், வீட்டுக்கு 12 ஆண்டு. சேஷாத்திரி அய்யர் மைசூர் வந்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த 1859-ம் வருடக் காலவரையறைச் சட்டத்திலும் இவற்றுக்கு ஏறக்குறைய இதே கெடுதான்.

மூன்றாவது, காகிதம். கட்டணக் குறைவுக்காகவோ, கோர்ட்டு மாறிப் போனதற்காகவோ மனு திரும்பினால் வழக்கே தோற்றது என்று பொருளல்ல. குறையைச் சரி செய்து உரிய கோர்ட்டில் உரிய காலத்துக்குள் கொடுக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள், 1987-ம் வருடச் சட்டப்படி ஜில்லா தோறும் அமைந்துள்ள சட்ட உதவி ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், தொழிலாளருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு.

மனு கொடுத்தால் நம்பரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பி வந்தால் காரணத்தை எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும். ஒரு மனுவை ஒழுங்காகப் பார்த்து, உரிய இடத்தில், உரிய நேரத்தில் சேர்ப்பது சின்ன வேலை அல்ல. 18 ஆண்டுகள் ஒரு சமஸ்தானத்தை நடத்தியவர், மைசூரில் தொழில் பழகியது அந்த வேலையில்தான்.