கல்வெட்டைப் படம் பிடித்த கேப்டன்

போட்டோ பிடிப்பதெல்லாம் ஒரு கலையா, பட்டனை அமுக்கினால் படம் வருகிறது என்று ஹாஸ்டலில் ஒருநாள் பெரிய விவாதம். அன்று எனக்குப் பதில் வரவில்லை. லின்னேயஸ் டிரைப்பின் வாழ்க்கையைப் படித்தபின் வந்தது.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்து அதிகாரி. லீவில் ஊருக்குப் போனபோது கேமரா பழகினார். 1855-ல் பர்மா போய்ப் படம் எடுத்தார். 1856-ல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. கோயில்களையும் கட்டடங்களையும் பதிவு செய்வதுதான் வேலை. கலை படைக்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை!

1858-ல் தஞ்சாவூரையும் திருவையாற்றையும் எடுத்தார். அப்போது பிலிம் ஏது? வெள்ளி உப்பு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். கேமரா நெடுநேரம் அசையாமல் நிற்கணும். குறுக்கே நடந்தவர் படத்தில் விழவே மாட்டார்.

பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு ஒரே படத்தில் அடங்குமா? மனுஷன் ஒன்று எடுத்து, கேமராவை நகர்த்தி, அடுத்ததை எடுத்து... இப்படியே 21 படம். ஒட்டினால் சுமார் 19 அடி நீளம்! சர்வே வகுப்பில் லெவல் கருவியை ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தூக்கி அல்லாடிய சிவில் மாணவன் நான். இதன் அருமை எனக்குத் தெரியும். தூரம் கொஞ்சம் பிசகினால் எழுத்து பெரிசு சிறிசாகி வரிசை ஒட்டாது.

சின்ன வயசில் அந்தக் கல்வெட்டில் முதுகைச் சாய்த்துப் புளிசாதம் தின்றவன் நான். ராஜராஜன் கொடுத்தது, அக்காள் குந்தவை கொடுத்தது எல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. ஒரு எழுத்தைக்கூடக் கவனித்ததில்லை. டிரைப்பின் படத்தைப் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் கண் திறந்தது. எந்த நேரத்து வெயிலில் எழுத்து தெரியும், எங்கே நிற்கணும் என்று முடிவு செய்தது கேமரா இல்லையே!

ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. வானம் வெளுத்துப்போன சில படங்களில், நெகட்டிவில் தானே மேகம் தீட்டிவிட்டார். பதிவு செய்ய வந்தவர் மேகம் வரையலாமா? ஆனால் வெறும் சம்பளத்துக்கு உழைத்தவர் மேகத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவாரா என்றும் தோன்றுகிறது.

1859-ல் வந்த புது கவர்னர் டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொன்னார். 1860-ல் எல்லாம் முடிந்தது. டிரைப் பட்டாளத்துக்கே திரும்பினார். அப்புறம் கேமராவை அதிகம் தொடவில்லை. 1902-ல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

போன லீவில் பெரிய கோயிலுக்குப் போனேன். அந்த 21 படத்துக்கும் எங்கெங்கே நின்றிருப்பார் என்று கல்வெட்டை ஒட்டி நடந்து பார்த்தேன். மத்தியான வெயில், வெறுங்கால். எட்டாவது இடத்துக்குள் கால் பொறுக்காமல் நிழலுக்கு ஓடிவந்துவிட்டேன்.