கல்லோடு தொடங்கிய ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராசர் வடிவம் பற்றி அவர் எழுதியதுதான் எனக்கு நினைவுக்கு வரும். அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பது பிந்தித்தான் தெரிந்தது. வவுனியாப் பக்கம் வயலோரங்களில் தலைகாட்டும் கருங்கற்பாறைகளின் வயதைத் தேடி வாசித்தபோது அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி. தாய் எலிசபெத், ஆங்கிலேயப் பெண். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் தந்தையின் மருமக்கள். ஆனந்தாவுக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தை இறந்துவிட்டார். தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்த அவர், லண்டன் யூனிவேர்சிட்டி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தார்.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணியின் முதல் பணிப்பாளரானார். அடுத்த ஆண்டு, சப்ரகமுவாவின் பலாங்கொடைப் பக்கம் கிடைத்த பாரமான கறுப்பு மணிகளை ஆராய்ந்தார். யுரேனியக் கனிப்பொருள் என்றே முதலில் கருதினார். லண்டனில் டன்ஸ்ரன் செய்த பகுப்பாய்வில், தோரியம் நிறைந்த புதிய கனிப்பொருள் அது எனத் தெரிந்தது. தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள்.

குமாரசுவாமி படித்த அதே கல்லூரியில், 1905இல் ஒற்றோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் இந்த இலங்கைக் கனிப்பொருளிலிருந்து புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது தோரியத்தின் இன்னொரு சமதானி. சமதானி என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை. 1913இல் அதற்குப் பெயர் கொடுத்தவர் பிரெடெரிக் சொடி. ஒரே மூலகத்தின் அணுக்கள் வேறுவேறு நிறையில் இருக்கலாம் என்பதற்குச் சான்று தேடி, மறுவருடம் அவரும் இலங்கைக் கல்லையே எடுத்தார். இங்கிருந்து போன தோரைற்றில் இருந்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமாக இருந்தது. தோரியம் சிதைந்து உருவான ஈயம் அது.

அதற்குள் குமாரசுவாமி இந்தத் துறையை விட்டுப் போயிருந்தார். அளவைப் பணிக்காக ஊரூராகத் திரிந்தபோது, அழிந்துகொண்டிருந்த கண்டியக் கைவினைகள் அவரை இழுத்தன. 1906இல் பதவி முடிந்தது. 1908இல் சிங்களக் கலை பற்றிய பெரிய நூல் வந்தது. முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் படையில் சேர மறுத்தார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் அரும்பொருளகத்துக்குப் போனவர், 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி அந்த நாட்டிலேயே காலமானார்.

அவர் விட்டுப்போன கேள்விக்கு 1980களில் சமதானிகள் பதில் சொன்னன. சமாரியம் என்ற மூலகத்தின் ஒரு சமதானி மிக மெதுவாகச் சிதைந்து நியோடைமியமாகிறது. இரண்டின் விகிதத்தையும் அளந்தால், ஒரு பாறையின் மூலப்பொருள் பூமியின் ஆழத்திலிருந்து எப்போது பிரிந்தது என்று மதிப்பிடலாம். பாறை பின்னர் வெந்து உருமாறியிருந்தாலும் அந்தக் கணக்கு பெரும்பாலும் அழிவதில்லை.

இலங்கை, ஜேர்மன் ஆய்வாளர்கள் அப்படி அளந்தபோது, இந்தத் தீவின் அடித்தளம் ஒரே துண்டு அல்ல எனத் தெளிவானது. மத்திய மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருள் ஏறத்தாழ 200 முதல் 300 கோடி ஆண்டுப் பழமையானது. மேற்கே வன்னித் தொகுதியும் கிழக்கே விஜயன் தொகுதியும் இளையவை; அவற்றின் வயது சுமார் 100 முதல் 200 கோடி ஆண்டுகள். வன்னித் தொகுதியில் பல, தீப்பாறையாகப் பிறந்து பின்னர் உருமாறியவை. வெவ்வேறு இடங்களில் உருவான இந்த நிலங்கள் சுமார் 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஒன்றோடொன்று பொருந்தின.

இடம்பெயர்வில் காணி உறுதிகளைத் தொலைத்தவர்கள் நாங்கள். இது எங்கள் நிலம் என்று திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆதியில் யார் வந்தார் என்ற வழக்குக்கு இந்தப் பாறைகள் யாருக்கும் சாட்சி சொல்லப்போவதில்லை. ஆனால் வன்னியும் விஜயனும் மலைநாடும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒட்டிக் கிடந்தும் தத்தம் பிறப்பை இழக்கவில்லை. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து, சிங்களக் கைவினையை எழுதிவைத்த அந்த மனிதரும் அப்படித்தான் வாழ்ந்தார்.