‘மதுரா ஃபுட்’ தெரியுமா? நம்ம ஊர் பெயரில் ஒரு நோய். அதன் காரணத்தைத் தேடிய ஓவிய டாக்டர்!

மெடிக்கல் படிக்கிற நண்பர்கள் இருந்தால் ‘மதுரா ஃபுட்’ என்றால் என்னன்னு கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயர்தான். அந்த மதுரா, உத்தரப் பிரதேசத்து மதுரா இல்லை, நம்ம மதுரையேதான்.

1842-ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற டாக்டர், உருக்குலைந்து வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கு முள் குத்தும். பெரிதாக வலிக்காது, விட்டுவிடுவார். வருஷக்கணக்கில் பாதம் வீங்கி, அங்கங்கே துளை விழுந்து, சீழோடு குருணை மாதிரி துகள்கள் வரும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு எனப் பல நிறங்களில். (ஆனைக்கால் வேற, இது வேற.) எலும்பு வரை போய்விட்டால், அந்தக் காலத்தில் காலை எடுப்பதுதான் வழி.

காரணத்தைத் தேடியவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1831-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். அப்பா ஓவியர், மகன் டாக்டர். ஆனால் கை அப்பாவுடையது! ‘கிரேஸ் அனாடமி’ (சீரியல் இல்லைங்க, புத்தகம்) முதல் பதிப்பின் 363 படங்களும் இவர் வரைந்தவை. உறுப்புகளின் பெயர்களைப் படத்தின் மீதே எழுதியதுதான் அதன் ஸ்பெஷல். கிரேவுக்கு ஒவ்வொரு ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு. கார்ட்டருக்கு மொத்தமே 150 பவுண்டு. முகப்பில் கார்ட்டரின் பெயரைச் சின்னதாகப் போடச் சொன்னதும் கிரேதான்.

1858-ல் புத்தகம் வெளியானபோது கார்ட்டர் இந்தியாவில் இருந்தார். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர். அங்கே மைக்ரோஸ்கோப்பில் அந்தக் குருணைகளைப் பார்த்து, இது பூஞ்சையின் வேலை என்றார். கிரேக்கத்தில் ‘மைகீஸ்’ என்றால் பூஞ்சை, ‘ஓமா’ என்றால் கட்டி. அப்படி வந்ததுதான் ‘மைசீட்டோமா’. 1874-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். தொழுநோயையும் ஆராய்ந்தவர், 1897-ல் ஸ்கார்பரோவில் காசநோயால் இறந்தார்.

கார்ட்டர் சொன்னது பாதி சரி. சிலருக்குக் காரணம் பூஞ்சை, சிலருக்குப் பாக்டீரியா என்று பிறகு தெரிந்தது. அந்தக் கிருமிகளின் பெயரிலும் மதுரை இருக்கிறது: மதுரெல்லா பூஞ்சை, ஆக்டினோமதுரா பாக்டீரியா. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கேட்கும். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் வேறு மருந்து, சில சமயம் அறுவை சிகிச்சையும். அதனால்தான் இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் அந்தக் குருணையை லேபுக்கு அனுப்புகிறார்கள்.