மெஷின் டிராயரில் ஒரு மஞ்சள் தைலம்



தளவாய்புரம் பக்கம் போயிருக்கீங்களா? ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். தெருவுக்குள் நுழைந்தாலே தையல் மெஷின் சத்தம் கேட்கும். நைட்டி, பாவாடை என்று ரெடிமேட் துணி தைத்தே பிழைக்கிற ஊர் அது. காலையிலிருந்து குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர், சாயங்காலம் ஆனதும் மெஷின் டிராயரை இழுத்து ஒரு சின்ன பாட்டிலை எடுப்பார். மஞ்சள் தைலத்தை நெற்றியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு மறுபடியும் வேலையைத் தொடங்குவார்.

அந்த அக்கா தைக்கிற நைட்டி பல நேரம் யாரோ ஒரு மொத்த வியாபாரியின் லேபிளோடுதான் கடைக்குப் போகும். தைத்த கை எந்த ஊர்க் கை என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால் டிராயரில் இருக்கிற அந்தத் தைலத்துக்கு 1893-லிருந்து ஒரே பெயர்தான். அமிர்தாஞ்சன்.

இப்போ நாம கன்டென்ட் மார்க்கெட்டிங், பிராண்டிங் என்று செமினார் எடுக்கிறோமே, அதையெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டியவர் அந்தத் தைலத்தை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ். சென்னை மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் பெயரில் இருப்பதுதான். நமக்குப் பூங்காவும் தெரியும், தைலமும் தெரியும். ஆளைத்தான் தெரியாது.

1867-ல் இன்றைய ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான், இல்லையென்றால் வக்கீல் ஆவான். இவர் வியாபாரம் பழகப் போனார். கல்கத்தாவில் மருந்துத் தொழிலில் கொஞ்ச காலம், பிறகு பம்பாய். அங்கேதான் 1893-ல் தலைவலிக்கான அந்தத் தைலத்தைக் கொண்டுவந்தார்.

முதலில் பெயரைக் கவனியுங்க. அமிர்தமும் அஞ்சனமும் சேர்ந்தது. இரண்டும் சமஸ்கிருதச் சொற்கள். தமிழ், தெலுங்கு, மராத்தி, வங்காளம் என்று எந்த மொழிக்காரர் காதிலும் அந்நியமாக ஒலிக்காது. பம்பாயில் கடை போட்ட தெலுங்குக்காரர், தன் மொழிக்காரருக்கு மட்டும் புரிகிற பெயரை வைக்கவில்லை. அடுத்தது நிறமும் வாசனையும். மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். கண்ணை மூடிக்கொண்டாலும் வாசனை சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட கடையில் சரியாகக் கேட்டு வாங்கலாம். லோகோ என்றால் படம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். வாசனையும் லோகோதான்!

சரி, பெயர் வைத்தாச்சு. யாருக்குத் தெரியும்? இங்கே அவர் செய்த வேலை ரொம்ப எளிமையானது. சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். யோசித்துப் பாருங்க. அந்தக் காலக் கச்சேரி மணிக்கணக்கில் நடக்கும். கூட்டம், புழுக்கம், நேரமாக ஆகத் தலை கனக்கும். அப்போது கையில் ஒரு சின்ன தைலம். ஒருவர் திறந்தால் பக்கத்து வரிசைவரை மணம் போகும். வலி எங்கே வருமோ அங்கேயே மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததால், விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இதோடு நின்றிருந்தால் அவர் கெட்டிக்கார வியாபாரி, அவ்வளவுதான். ஆனால் 1908-ல் பம்பாயிலிருந்தே ஆந்திர பத்திரிகை என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். தைலம் கொடுத்த லாபம் பத்திரிகைக்குப் போனது. 1914-ல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து தினசரியாக்கினார். அப்போது தெலுங்கு மாவட்டங்களும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தன. அதனால் தெலுங்கு தினசரிக்குச் சென்னைதான் சரியான இடம். அதே வருடம் முதல் உலகப் போரும் தொடங்கியது. தினமும் செய்தி தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஜனங்கள் தவித்த நேரம். 1924-ல் பாரதி என்ற இலக்கிய மாத இதழையும் தொடங்கினார். யுகாதிக்கு யுகாதி தனி மலர் போட்டார். நல்ல நூல்களைப் பதிப்பித்தார்.

ஒரு தைலம் விற்பவருக்கு இலக்கிய இதழ் எதற்கு என்று கேட்கத் தோணுதா? நியாயமான கேள்விதான். உலகத்தில் வேறு சில கம்பெனிகளும் கிட்டத்தட்ட அதே காலத்தில் பத்திரிகை, புத்தகம் என்று இறங்கின. அமெரிக்காவில் உழவுக் கருவி செய்த ஜான் டீர் 1895-ல் விவசாயிகளுக்காக ஓர் இதழ் ஆரம்பித்தது. பிரான்சில் டயர் செய்த மிஷ்லின் 1900-ல் கார் ஓட்டுபவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. விவசாயி தேறினால் கருவி விற்கும், கார் நிறைய ஓடினால் டயர் தேயும். அந்தக் கணக்கு நமக்குச் சட்டென்று புரியும்.

நாகேஸ்வர ராவ் கணக்கு வேறு. பத்திரிகை படித்தால் தலைவலி வந்து தைலம் விற்கும் என்றெல்லாம் அவர் நினைத்திருக்க மாட்டார்! தன் மொழி வளரணும், தேசம் விடுதலை அடையணும் என்பதற்காகத்தான் பத்திரிகை நடத்தினார். அதற்கு விலையும் கொடுத்தார். ஆந்திர மாகாண காங்கிரஸின் தலைவராக இருந்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். வெள்ளைக்கார ஆட்சியில் கம்பெனி நடத்துகிற ஒருவர், அந்த ஆட்சியையே எதிர்த்துச் சிறை போவது சின்ன விஷயமா? தொழிலுக்கு என்ன ஆகுமோ என்று பயந்திருந்தால் தைலத்தோடு நின்றிருப்பார்.

ஆனால் அவர் தேடிப் போகாத ஒன்று அவருக்குக் கிடைத்தது. நம்பிக்கை. தினமும் காலையில் நமக்கு உண்மையைச் சொல்கிற மனிதர், நம் மொழிக்குச் செலவு செய்கிற மனிதர் செய்த தைலம் என்ற நம்பிக்கை. எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் அதை வாங்க முடியாது. ஜனங்கள் அவரை தேசோத்தாரகர் என்று அழைத்தார்கள். 1936-ல் அமிர்தாஞ்சன் பொதுப் பங்கு நிறுவனமானது. அடுத்த வருடம், ராயலசீமைத் தலைவர்களும் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மயிலாப்பூரில் ஸ்ரீபாக் என்ற அவருடைய வீட்டில்தான் அது கையெழுத்தானது. அதனால்தான் அதற்கு ஸ்ரீபாக் ஒப்பந்தம் என்றே பெயர். இரண்டு தரப்பும் நம்பி வந்து உட்கார்கிற வீடாக ஒரு தைல வியாபாரியின் வீடு இருந்தது.

1938 ஏப்ரலில் அவர் காலமானார். ஆந்திர பத்திரிகை இன்று இல்லை. தைலம் மட்டும் அதே பெயரோடு தளவாய்புரத்து டிராயர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். உங்களில் பலர் வீட்டுத் தொழிலுக்கோ நண்பன் கடைக்கோ ஒரு இன்ஸ்டா பக்கம் நடத்துவீங்க. நானும் தெரிந்தவர் ஒருவரின் தையல் யூனிட்டுக்கு நடத்தினேன். மூன்று மாதத்தில் இரண்டு முறை பெயரை மாற்றினேன், நாலு முறை நிறத்தை மாற்றினேன். போட்டது எல்லாமே ஆஃபர், ஆஃபர், ஆஃபர்தான். பார்த்தவர்கள் எங்க சொந்தக்காரர்கள் மட்டும்தான். நாகேஸ்வர ராவைப் பற்றிப் படித்த பிறகுதான் தப்பு எங்கே என்று புரிந்தது. வாங்குபவருக்கு ஒன்றுமே கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கொடுக்க என்ன இருக்கு என்று கேட்காதீங்க. எந்தத் துணி முதல் சலவையில் சுருங்கும், வாங்கும்போது தையலை எப்படி இழுத்துப் பார்ப்பது, சாயம் போகுமா என்று ஈரத் துணியால் தேய்த்து எப்படித் தெரிந்துகொள்வது... இதெல்லாம் அந்த அக்காவுக்கு அத்துப்படி. அதை வாரம் ஒன்றாக, ஒரே பெயரில், ஒரே நிறத்தில், வாங்காதவருக்கும் பயன்படுகிற மாதிரி அவர் குரலிலேயே சொல்ல வைத்தால் போதும். ஒரு மாதத்தில் பலன் வராது. அமிர்தாஞ்சன் பிறந்ததற்கும் நாகேஸ்வர ராவ் மறைந்ததற்கும் நடுவே 45 வருடம். அவ்வளவு காலமும் பெயர் மாறவில்லை.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, உங்க வீட்டுப் பக்கம் பெயர் இல்லாமல் உழைக்கிற ஒரு தொழிலைப் பாருங்க. முதல் வேலையாக, அவர்களோடு உட்கார்ந்து அதற்கு ஒரு பெயர் வையுங்க. அப்புறம் அதை மாற்றாதீங்க.