செட்டை இழந்த மீனும் ஸ்மித் இட்ட பெயரும்

ஆழ்கடல் மீன்களை டி.என்.ஏ. பார்கோட் மூலம் இனங்காண்பது பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜே.எல்.பி. ஸ்மித் நினைவுக்கு வருவார். அவர் இறந்தது 1968இல். இந்த முறை முன்வைக்கப்பட்டதோ 2003இல். ஆனாலும் அதன் தேவையை அவரது வாழ்க்கையே நன்றாக விளக்குகிறது.

ஸ்மித் 1897இல் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். முதலாம் உலகப்போருக்காகக் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போய், மலேரியாவோடு திரும்பினார். போர் கெடுத்த உடல்நலம் முழுதாக மீளவேயில்லை. படிப்பித்தது இரசாயனவியல், மனம் கிடந்தது மீன்களில்.

1938 டிசெம்பர் 22ஆம் திகதி, ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் இழுவைப்படகொன்றின் மீன்குவியலுக்குள் ஐந்தடி நீளமான நீலநிற மீனொன்றை அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி லாட்டிமர் கண்டார். அதை வைத்திருக்கப் பிரேத அறையும் இடம் கொடுக்கவில்லை. மீன் பழுதாகத் தொடங்க, தோலைப் பாடம்செய்தார்கள், உள்ளுறுப்புகள் வீசப்பட்டன. அவர் வரைந்து அனுப்பிய படத்தைக் கண்டதுமே ஸ்மித்துக்குப் பொறிதட்டியது. அது 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இல்லை என்று நம்பப்பட்ட சீலகாந்த். நேரில் பார்த்து உறுதிசெய்தபின், கண்டெடுத்த பெண்ணின் பெயராலேயே லாட்டிமேரியா என்று பெயரிட்டார்.

முழு உடலுக்காக 14 ஆண்டுகள் தேடினார். மூன்று மொழிகளில் துண்டுப்பிரசுரம் விட்டார். 100 பவுண் சன்மானம் அறிவித்தார். 1952 டிசெம்பரில் கொமொரோஸ் தீவொன்றில் மீனவர் ஒருவரிடம் இரண்டாவது மீன் அகப்பட்டது. இராணுவ விமானத்தில் பறந்துபோன ஸ்மித், அதைப் பார்த்து அழுதார்.

அங்கேதான் பிழையும் நடந்தது. அந்த மீனுக்கு முதலாவது முதுகுச்செட்டை இல்லை. வேறு இனம் என்று எண்ணி, விமானம் தந்த பிரதமர் மலானின் பெயரை அதற்கு வைத்தார். பின்னர்தான் தெரிந்தது, அதுவும் அதே இனம். செட்டை இல்லாதது அந்த ஒரு மீனுக்கு நேர்ந்த ஊனம்.

இழைமணியிலுள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளை வாசித்து, இனம் உறுதியான மீன்களின் பதிவுகளோடு ஒப்பிடுவதே பார்கோட் முறை. துளி சதை போதும். செட்டை போனாலும் வலையில் உடல் சிதைந்தாலும் அந்த எழுத்துகள் மாறா. 1990களின் இறுதியில் இந்தோனேசியாவில் அகப்பட்ட சீலகாந்த், தோற்றத்தில் ஆபிரிக்க மீனைப் போலவே இருந்தது. மரபணு ஒப்பீடு அது வேறு இனம் என்று காட்டியது.

ஒப்பிடப் பதிவு இல்லாவிட்டால் அந்த எழுத்துகளால் பயனில்லை. எங்கள் மண்ணின் புதைகுழிகளிலிருந்து வெளிவரும் எலும்புகளுக்கும் இது பொருந்தும். அங்கு பார்க்கப்படும் மரபணுப் பகுதிகள் வேறு. ஆனால் எலும்பின் டி.என்.ஏ.யை உறவினரின் மாதிரியோடு ஒப்பிட்டால்தான் பெயர் கிடைக்கும். தேடும் தாய்மார் முதுமையில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே மாதிரிகளை முறையாகச் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும்.