உலகின் முதல் வெளியூர் கார் பயணம் போனது ஒரு பெண்!



கார் ஓட்டுவது ஆம்பளைங்க வேலை என்று நம்ம ஊரில் பலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் உலகத்திலேயே முதன்முதலாகக் காரை வெளியூருக்கு ஓட்டிட்டுப் போனவர் ஒரு அம்மா. அவர்தான் பெர்த்தா பென்ஸ். அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பெர்த்தா 1849 மே 3-ஆம் தேதி ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். மறுபடியும் பெண் குழந்தைதான் பிறந்தது என்று குடும்ப பைபிளில் வருத்தமாகக் குறித்து வைத்தார்களாம்!

1872-இல் கார்ல் பென்ஸ் என்பவரை மணந்தார். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்து கார்லின் பட்டறையைக் காப்பாற்றியவர் பெர்த்தா. 1886-இல் கார்ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் ஜனங்க அதை நம்பி வாங்கவில்லை.

1888 ஆகஸ்ட் மாதம், ஒருநாள் விடியற்காலை. கணவருக்குத் தெரியாமல் பெர்த்தா மகன்கள் இருவரோடு வண்டியில் கிளம்பிட்டார். ஆய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. மான்ஹைமிலிருந்து அம்மா வீட்டுக்கு சுமார் 100 கிலோமீட்டர்!

அந்த வண்டிக்கு சாவி கிடையாது. பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்பணும். ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு கைப்பிடிதான். வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில், துணியில் கறை போக்கும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தது. செருப்பு தைப்பவரிடம் போய் அதில் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறவில்லை. இறங்கித் தள்ளினார்கள். இருட்டும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்து கார்லுக்குத் தந்தி அடித்தார்.

அந்தப் பயணத்துக்கு அப்புறம் வண்டியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று பெர்த்தா சொன்னதைக் கேட்டு கார்ல் அதையும் சேர்த்தார். பெர்த்தா 1944-இல், 95 வயது முடிந்த இரண்டாம் நாள் காலமானார்.

அவர் ஓட்டியதை விட, வழியில் கெட்டுப்போனதைத் தானே சரி செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கார் ஓட்ட நமக்கு 18 வயது ஆகணும், எல்.எல்.ஆர். வாங்கணும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் தோழிகளே. சைக்கிள் செயின் கழன்றால் அண்ணனைக் கூப்பிடாமல் நாமே மாட்டிப் பழகுவோம். கையில் மை பட்டால் பரவாயில்லை, சோப்பு போட்டால் போயிடும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி