ரூர்க்கி தந்த ஆசான் – டாக்டர் ஜெய்கிருஷ்ணா

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்கள் நூலகத்தில் ‘ஜெய்கிருஷ்ணா – ஜெயின்’ என்று முதுகில் அச்சிட்ட கான்கிரீட் புத்தகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த ஜெய்கிருஷ்ணாதான் இந்தியாவில் நிலநடுக்கப் பொறியியலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பரீட்சைக்கு அது தேவைப்படவில்லையே!

1912-ல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகரில் பிறந்தவர். ரூர்க்கி தாமசன் கல்லூரியில் 1935-ல் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பீகார் நிலநடுக்கம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியிருந்தது. பிறகு அதே ரூர்க்கியில் ஆசிரியரானார். 1954-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அடுத்து அமெரிக்காவில் கால்டெக் போய், ஹவுஸ்னர், ஹட்சன் போன்றவர்களிடம் இந்தத் துறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1960-ல் ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலுக்கென்றே தனிப் பள்ளி எழுந்தது. இன்று எம்.டெக்.கில் நாம் படிக்கும் பாடங்களுக்கு இந்த நாட்டில் அதுதான் வேர். 1962-ல் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் முதல் பதிப்பு வந்தது. அதைத் தயாரித்துத் திருத்தும் குழுவுக்கு இவர் நெடுங்காலம் தலைவர்.

எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. பெரிய அணைகளும் உயர்ந்த கட்டடங்களும்தான் ஆராய்ச்சிக்குப் பெருமை சேர்க்கும். ஆனால் நம் நாட்டில் நிலநடுக்கத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சாதாரணச் செங்கல், கல் வீடுதான். கல் கட்டுமானம் இழுவிசை தாங்காது. பூமி ஆடினால் மூலையில் சுவர் பிளந்து விலகும், கூரை தலையில் விழும். லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி விடுபடாமல் ஒரு கான்கிரீட் பெல்ட், மூலைகளில் செங்குத்தாகக் கம்பி – இவ்வளவு போதும், சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இவரும் சகாக்களும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். 1967-ல் வந்த ஐ.எஸ். 4326 இதை விதியாக்கியது. ஒரு மேஸ்திரி புரிந்துகொண்டு செய்யக்கூடிய வேலை! பின்னாளில் அந்தப் பள்ளியில் தண்டவாளத்தில் நிற்கும் வேகன் மேல் மாதிரி வீட்டைக் கட்டி, இன்னொரு வேகனை உருட்டிவிட்டு மோதவைத்தே சோதனை செய்தார்கள். விலை உயர்ந்த அதிர்வு மேடை கைக்கு எட்டாத காலம், இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள்.

1967 டிசம்பர் 11 விடியற்காலை கொய்னா ஆடியது. தக்காணம் அசையாத பாறை என்ற நம்பிக்கையும் அதோடு ஆடிப்போனது. 103 மீட்டர் உயர அணையில் விரிசல் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அணைக்குள் இருந்த கருவி பதிந்த அதிர்வு உலகம் முழுக்க இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. 1970 திருத்தத்தில் வரைபடத்திலிருந்து ‘பூஜ்ய மண்டலம்’ நீக்கப்பட்டது. கொய்னா நான்காம் மண்டலத்துக்கு ஏறியது. தாங்கள் போட்ட கோட்டைத் தாங்களே அழித்துத் திரும்பப் போடுவது எந்தக் குழுவுக்கும் லேசான காரியமில்லை.

பட்நாகர் பரிசு 1966-ல், பத்மபூஷண் 1972-ல் வந்தன. 1971 முதல் 1977 வரை ரூர்க்கியின் துணைவேந்தர். பிறகு உலக நிலநடுக்கப் பொறியியல் சங்கத்தின் தலைவர்.

காட்டாங்குளத்தூரில் பூமி எப்போ ஆடிச்சு, இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும் என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலடியில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து, சென்னையிலும் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். 2002 பதிப்பில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. மெட்ரோ சுரங்கம் போடும் நம் நண்பர்களுக்கும் அதே பதிப்பில் ஒரு விதி உண்டு: 30 மீட்டருக்குக் கீழே போனால் வடிவமைப்பு அதிர்வு பாதியாகக் குறையும்.

இவற்றைப் பார்க்க அவர் இல்லை. 1999-ல் காலமானார். பதினேழு மாதம் கழித்து, 2001 ஜனவரி 26 அன்று பூஜ் குலுங்கியது. கட்ச் கிராமங்களில் இடிந்த கல் வீடுகள் பலவற்றில் அந்த பெல்ட் இல்லை.